அரைப் பேரு போடாத ஆண்டவர்

போன இதழ்ல "நித்திய ஜீவன் கூலி இல்ல, கொடை"ன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு வேற கதைக்குப் போயிட்டேன். அந்த ஒரு வரிக்கு இந்த மாசம் இவ்வளவு கடிதமும் வட்ஸ்அப் வொயிசும் வரும்னு நினைக்கவே இல்ல. எல்லாத்தையும் போட இடமில்ல, சிலத எடுத்திருக்கேன். புதுசா வாசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, நான் ஃபாதரும் இல்ல பாஸ்டரும் இல்ல, இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல 34 வருஷம் படிச்சிக்குடுத்துட்டு பென்ஷன்ல இருக்கிற டீச்சர், ஞாயிறு பள்ளியும் நடத்தினவ, எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க. கத்தோலிக்க ஆட்கள் நிலைவாழ்வுன்னு சொல்றதையும் மத்த சபைகள்ல நித்திய ஜீவன்னு சொல்றதையும் நான் ஒண்ணாத்தான் எடுத்துக்கிறேன்.

கேள்வி: டீச்சர், நான் 41 வருஷமா கோயிலுக்குப் போறேன், ஒரு ஞாயிறு தவறினதில்ல. எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, ஒருத்தர் வாழ்நாள் பூரா குடி, பொஞ்சாதிய போட்டு அடி. கடைசி ரெண்டு மாசம் படுத்த படுக்கையில கிடந்து, அழுது, மன்னிப்புக் கேட்டு, ஞானஸ்நானம் எடுத்துட்டுப் போய்ச் சேர்ந்தாரு. அடக்கத்துல "இவரு பரலோகத்துல இருக்காரு"ன்னு சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு சாப்பாடு இறங்கல்ல. அவருக்கும் எனக்கும் ஒரே சம்பளமா?
— பேர் வேணாம், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, சாப்பாடு இறங்கல்லன்னு மறைக்காம எழுதினீங்க பாருங்க, அதுக்கு முதல்ல நன்றி. பேதுருவே இயேசுகிட்ட "எல்லாத்தையும் விட்டுட்டு உம்ம பின்னால வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்"னு கேட்டவர்தான். அதுக்குப் பிறகு இயேசு சொன்ன கதை மத்தேயு 20ல இருக்கு, அத நம்ம மலையகத்து ஆட்கள் மாதிரி வேற யாரும் வெளங்கிக்க ஏலாதுன்னு நான் நம்புறேன்.

திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் விடியக்காலையில போயி நாளைக்கு ஒரு பணம்னு பேசி ஆள் எடுக்கிறாரு, அது ரோம வெள்ளிக்காசு, ஒரு கூலியாளோட ஒரு நாள் சம்பளம். பிறகு 9 மணிக்குப் போறாரு, 12 மணிக்குப் போறாரு, 3 மணிக்குப் போறாரு, கடைசியா சாயந்தரம் 5 மணிக்கும் போறாரு. அங்க சும்மா நின்னவங்கள ஏன் நிக்கிறீங்கன்னு கேட்டா "ஒருத்தரும் எங்களுக்கு வேலை குடுக்கல்ல"ன்றாங்க. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போயி இன்னைக்கு வேலை இல்லன்னு திருப்பி அனுப்பப்பட்டவங்களுக்கு அந்த நிப்பு எப்படி இருக்கும்னு தெரியும். பொழுது சாஞ்சதும் காரியக்காரன, நம்ம பாஷையில கணக்கப்பிள்ளைய, கூப்பிட்டு கடைசியா வந்தவங்கள்ல இருந்து தொடங்கி சம்பளத்தக் குடுன்றாரு. எல்லாருக்கும் ஒரே பணம். விடியக்காலை வந்தவங்க முறுமுறுக்கிறாங்க, வெயில்ல காஞ்சது நாங்க, இவங்கள எங்களுக்குச் சமமாக்கிட்டீங்களேன்னு.

அதாவது ஒரு மணித்தியாலம் வேலை செஞ்சவனுக்கு முழுப் பேரு. (தோட்டத்து செக்ரோல் புத்தகத்துல ஒரு நாள் வேலைக்கு விழுற சம்பளக் கணக்கத்தான் பேருன்னு சொல்லுவோம்.)

நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள், ஜூலை மாசத்து மழை, அம்மா படங்கு கட்டிக்கிட்டு காலையில இருந்து நனைஞ்சி நனைஞ்சி பறிச்சாங்க. சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நான் தேத்தண்ணி போத்தலோட போயிருந்தேன். தராசு முள்ளு காட்டினதுல சாக்குக்கு ரெண்டு றாத்தல், ஈரத்துக்கு மூணு றாத்தல்னு கழிச்சாங்க, கழிச்சதும் அன்னைக்குரிய கணக்குக்கு ஒரு றாத்தல் பத்தாமப் போச்சு. புத்தகத்துல பென்சிலால அரைப் பேரு. அம்மா ஒண்ணும் கதைக்கல்ல. லயத்து வீட்டுக் காம்பிராவுக்கு வந்து அடுப்புக்கு முன்னால குந்தி, விரல் வெடிப்புல ஏறியிருந்த கறைய தேங்கா எண்ணெய் போட்டு தேச்சிக்கிட்டே இருந்தாங்க, கறை போகாதுன்னு அவங்களுக்குத் தெரியும், இருந்தும் தேச்சாங்க. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது.

கூலிக்குக் கூலி கேக்கிறது நியாயம், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருஷம் ரோட்டுல நின்னோம், 2021லதான் வர்த்தமானியில வந்துச்சு. கூலிய பிடிச்சி வச்சா அந்தக் கூலியே கூக்குரல் போடும்னு யாக்கோபு 5:4 சொல்லுது. ஆனா ஆண்டவர் நித்திய ஜீவன தராசுல தொங்கவிடல்ல. ரோமர் 6:23 நம்ம எல்லாருக்கும் மனப்பாடம், "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்." சம்பளம்ன்ற சொல்லு எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாருங்க. மரணத்துப் பக்கம். ஜீவன் பக்கத்துல இருக்கிறது வரம். சம்பளம்னு கேட்டா நீங்களும் நானும் அந்தக் குடிகாரரும் ஒரே வரிசையிலதான் நிக்கணும், நம்ம மூணு பேருக்கும் முழுப் பேரு கிடைக்காது.

நீங்க 41 வருஷம் வெயில்ல நின்ன மாதிரி எழுதியிருக்கீங்க. அது வெயிலா தங்கச்சி? அவரோட இருந்த வருஷம் இல்லையா? கெட்ட குமாரன் கதையில வீட்டுக்குள்ள வர மாட்டேன்னு வெளியில நின்ன மூத்த மகன்கிட்ட அப்பா சொல்றது, "நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" (லூக்கா 15:31). இத ராத்திரியில தனியா இருந்து ஒருக்கா வாசிங்க.

ஆனா உங்க கடிதத்துல என்னை உறுத்தினது வேற. அந்த அடிபட்ட பொம்பள. ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்றதுக்காக அந்த அம்மா பட்ட அடி பொய்யாகாது. வரி வாங்கிற சகேயு விசுவாசிச்ச அன்னைக்கே "அநியாயமா வாங்கினத நாலு மடங்கா திருப்பித் தாறேன்"னு சொன்னாரு, அடக்கத்துல பரலோகத்தப் பத்திக் கதைச்சவங்க அந்த அம்மாவப் பத்தியும் ஒரு வார்த்தை கதைச்சிருக்கணும். நீங்க அவங்கள போய்ப் பாத்தீங்களா? இந்தக் கிழமையே போங்க.

கேள்வி: அப்ப நல்லது செய்யவே தேவையில்லையா? கத்தோலிக்கருக்கும் மத்த சபைகளுக்கும் சண்டையே இதுதானே?
— ஒரு தம்பி, ஹட்டன்

பதில்: தம்பி, கவ்வாத்து வெட்டின, அதாவது கிளைய வெட்டிவிட்ட, தேயிலை மலைய பாத்திருப்பீங்க. இலை ஒண்ணு இல்லாம வெறும் குச்சியா நிக்கும், தெரியாதவங்க பாத்தா செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்க. வேர்ல உயிர் இருந்தா கொஞ்ச நாள்ல துளிர்க்கும், வேர் செத்திருந்தா எவ்வளவு உரம் போட்டாலும் வராது. கொழுந்து விட்டதால செடிக்கு உயிர் வரல்ல, உயிர் இருக்கிறதால கொழுந்து விடுது. எபேசியர் 2:8ம் 9ம் கிருபையால, விசுவாசத்தால, கிரியையால இல்லன்னு சொல்லுது, அடுத்த வசனமே நல்ல கிரியைகளுக்காகத்தான் படைக்கப்பட்டோம்ன்னு சொல்லுது. கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு யாக்கோபு சொல்றதும் இந்தக் குச்சியப் பாத்துத்தான். சண்டைன்னு சொன்னீங்க, 1999 ஒக்டோபர் 31ந் திகதி ஜெர்மனியில அவுக்ஸ்பர்க் நகரத்துல கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் சபைகளும் இதைப் பத்தி கூட்டா ஒரு அறிக்கையில கையெழுத்து வச்சாங்க, 2006ல மெதடிஸ்ட் ஆட்களும் சேர்ந்தாங்க. நம்ம தோட்டத்துல இன்னும் அந்தச் செய்தி வந்து சேரல்ல, அதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: டீச்சர் நான் ஏ எல் படிக்கிறேன். முடிவே இல்லாம இருக்கிறதுன்னா அலுத்துப் போகாதா? யோசிச்சா சில நேரம் ராத்திரியில பயமா கூட இருக்கு.
— நுவரெலியா

பதில்: மகள், பயமா இருக்குன்னு எழுதினது நல்லது, நிறையப் பெரியவங்களுக்கும் அந்தப் பயம் இருக்கு, கதைக்க மாட்டாங்க. நீங்க நினைக்கிறது இந்த வாழ்க்கைய அப்படியே இழுத்து நீட்டிக்கிட்டே போறது. புதிய ஏற்பாடு எழுதின கிரேக்க பாஷையில நித்திய ஜீவனுக்கு "ஸோயே ஐயோனியோஸ்"ன்னு சொல்றாங்க, "ஐயோன்"னா ஒரு யுகம். வரப்போற யுகத்தோட உயிர்ன்ற அர்த்தமும் அதுல இருக்கு, நீளத்த மட்டும் சொல்ற சொல்லு இல்ல. இயேசு தானே அர்த்தம் சொல்லியிருக்காரு, "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்" (யோவான் 17:3). வருஷக் கணக்கு ஒண்ணும் இல்ல பாருங்க, அறியிறதுன்றாரு.

அறியிறதுன்னா எக்ஸாமுக்குப் படிக்கிற அறிவு இல்ல. எங்கப்பா ராத்திரி வேலை முடிஞ்சி ஸ்டோர்ல இருந்து வரும்போது லயத்து வாசல்ல கேக்கிற காலடிச் சத்தத்த வச்சே அம்மா எழும்பி தேத்தண்ணிக்கு கேத்தல வைப்பாங்க. வேற ஆள் நடந்தா எழும்ப மாட்டாங்க. அந்த அறிவு ரெண்டு பேரும் சேர்ந்திருந்த 39 வருஷமும் கூடிக்கிட்டே போச்சு, குறையல்ல, அலுக்கவும் இல்ல. அது போல ஒண்ணு, அறியிறதுக்கு முடிவே இல்லாத ஒருத்தரோட. இன்னொண்ணு, அது செத்த பிறகு தொடங்கிறது இல்ல. யோவான் 5:24ல விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் "உண்டு"ன்னு இருக்கு, கிடைக்கும்னு இல்ல, "மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்"னு இருக்கு. நீங்க இப்பவே அதுக்குள்ள இருக்கலாம் மகள், ஏ எல் படிச்சிக்கிட்டே.

கேள்வி: அம்மாவுக்கு மார்புல புத்துநோய். மஹரகமை புத்துநோய் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் மருந்து எடுத்தோம். ஒரு ஜெபக்கூட்டத்துல, மருந்த நிப்பாட்டினாத்தான் விசுவாசம்னு சொன்னாங்க, நாங்க நிப்பாட்டல்ல. தை மாசம் அம்மா தவறிட்டாங்க. இப்ப அவங்க, உங்களுக்கு விசுவாசம் பத்தல, அதனாலதான்னு சொல்றாங்க. ராத்திரியில தூக்கம் வருதில்ல.
— பண்டாரவளை

பதில்: தங்கச்சி, அது பொய். எத்தனை பேரு எந்த மேடையில நின்னு சொன்னாலும் பொய். இத எழுதும்போது எனக்கு கை நடுங்குது, ஏன்னா இதே வார்த்தைய என் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்னதையும் நான் கேட்டிருக்கேன், அவங்க அதுக்குப் பிறகு வேதத்த திறக்கவே இல்ல.

பவுலுக்கு மாம்சத்துல ஒரு முள் இருந்துச்சு, மூணு தரம் ஜெபிச்சாரு, எடுபடல்ல, "என் கிருபை உனக்குப் போதும்"ன்ற பதில்தான் வந்துச்சு. பவுலுக்கு விசுவாசம் பத்தலையா? தீமோத்தேயுவுக்கு வயித்து வருத்தம்னு கேட்டு கொஞ்சம் திராட்சரசம் குடின்னு எழுதினாரு. அவரோட கூட நடந்த லூக்கா ஒரு வைத்தியர். லாசருவ ஆண்டவர் உயிரோட எழுப்பினாரு, அந்த லாசருவும் பிறகு ஒரு நாள் செத்துத்தான் இருப்பாரு. குணமாகிறது நல்ல காரியம், கேளுங்க, கேக்க வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அது வேற, நித்திய ஜீவன் வேற.

விசுவாசத்த கிலோ கணக்குல நிறுக்கிறாங்களே, அங்கதான் பிழை. நிக்கொதேமு ராத்திரியில வந்து கேட்டப்ப இயேசு எடுத்த உதாரணம் மோசே வனாந்தரத்துல உயர்த்தின வெண்கலப் பாம்பு, அது எண்ணாகமம் 21ல இருக்கு. பாம்பு கடிச்சவங்க அத நோக்கிப் பாத்தா பிழைச்சாங்க. எவ்வளவு நேரம் பாத்தாங்க, அழுதுக்கிட்டு பாத்தாங்களா, சந்தேகத்தோட பாத்தாங்களான்னு ஒண்ணும் எழுதல்ல. பாத்தாங்க, அவ்வளவுதான். பிள்ளைக்கு சுகமில்லாம வந்த ஒரு அப்பா "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கத்தினாரு (மாற்கு 9:24), அத ஆண்டவர் திருப்பி அனுப்பல்ல.

1697ல கண்டியில பெரியம்மை பரவினப்ப ஆட்கள் நோயாளிகள விட்டுட்டு ஓடினாங்க. அப்ப விட்டுட்டுப் போகாம நின்னவர் ஜோசப் வாஸ் ஃபாதர், கோவாவுல இருந்து கூலியாள் வேஷத்துல 1687ல நம்ம நாட்டுக்குள்ள வந்தவர், 2015ல காலிமுகத்திடல்ல பாப்பரசர் புனிதர்னு அறிவிச்சாரே, அவர்தான். கழுவினாரு, சோறு குடுத்தாரு, செத்தவங்கள புதைச்சாரு. படுத்துக்கிடந்தவங்கள பாத்து உனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லிட்டு அவரு நகரல்ல. நீங்களும் மஹரகமைக்கு பஸ்ல அம்மாவோட தலைய உங்க தோள்ல சாய்ச்சிக்கிட்டுப் போனீங்கன்னு வொயிஸ்ல சொன்னீங்க. அம்மா கடைசி வரைக்கும் ஜெபம் சொன்னாங்கன்னும் சொன்னீங்க. தூங்குங்க தங்கச்சி.

கேள்வி: மண்சரிவுல போன எங்க சித்தப்பா குடும்பத்துல மூணு பேரோட உடம்பு கிடைக்கவே இல்ல. சிலுவை நட ஒரு இடமும் இல்ல. கடைசி நாள்ல எழும்புவாங்களா?
— பதுளை மாவட்டம்

பதில்: எழும்புவாங்க.

2014 ஒக்டோபர் 29ந் திகதி காலையில கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள்ள போச்சு, சில நாளுக்குப் பிறகு நாங்க கொஞ்சம் உடுப்பு சேத்துக்கிட்டு கொஸ்லந்தைக்குப் போனோம். பெக்கோ மிஷின் மண்ண தோண்டுறத பாத்துக்கிட்டே ஆட்கள் நின்ன நிப்பு எனக்கு மறக்காது, எத்தனையோ பேர கடைசி வரைக்கும் எடுக்க ஏலாமப் போச்சு. அப்ப எனக்குள்ளயும் இதே கேள்விதான். பிறகு ஒண்ணு வாசிச்சேன், கி.பி. 177ல, இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கிற லியோன் நகரத்துல, விசுவாசிகள கொன்னு, உடம்ப எரிச்சி, சாம்பல ரோன் ஆத்துல கரைச்சாங்க, இனி எப்படி எழும்புவாங்கன்னு பாப்போம்ன்ற எண்ணத்துல. அவங்க சபை அதுக்காக விசுவாசத்த விடல்ல. விதைச்சது ஒண்ணு, முளைக்கிறது வேற, உடம்பு குடுக்கிறவர் தேவன்னு 1 கொரிந்தியர் 15ல பவுல் எழுதியிருக்காரு. கடல் கூட தனக்குள்ள இருக்கிற செத்தவங்கள ஒப்புக்குடுக்கும்னு வெளிப்படுத்தல் 20:13 சொல்லுது. மலையும் குடுக்கும். சிலுவைய வீட்டு வாசல்ல நடுங்க, மூணு பேரையும் அதுல எழுதுங்க.

கேள்வி: நானும் அம்மாவும் 12 வருஷத்துக்கு முன்னால கிறிஸ்தவங்களானோம். தாத்தா கடைசி வரைக்கும் மாரியம்மன் கோயில்ல தப்பு மேளம் அடிச்சவர், நல்ல மனுசன், எனக்கு அவருதான் உயிர். நித்திய ஜீவன் கிடைக்கிறவங்க பேரு எழுதியிருக்கிற ஜீவபுஸ்தகத்துல அவரு பேரு இல்லையா? எங்க சபையில இல்லன்னு நேரா சொல்லிட்டாங்க.
— மஸ்கெலியா

பதில்: மகள், இதுக்கு எல்லா சபையும் ஒரே பதில் சொல்லல்ல, அத மறைக்க மாட்டேன். இயேசுவோட பேரச் சொல்லி விசுவாசிக்கணும்னு உறுதியா நிக்கிற சபைகள் இருக்கு. கத்தோலிக்கத் திருச்சபை, தங்களோட பிழை இல்லாம நற்செய்திய அறியாதவங்க, உண்மையான மனசோட கடவுள தேடி மனச்சாட்சிப்படி நடந்தா, அவங்களும் மீட்படையலாம்னு 1964ல ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல சொல்லிச்சு. ரட்சிப்பு இயேசுவாலதான்ற விஷயத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணு. நானும் அதுல ஒரு அடி நகர மாட்டேன், "நானே வழி"ன்னு அவரு சொன்னத சின்னதாக்க எனக்கு மனசு வராது.

ஆனா உங்க சபையில நேரா சொன்னாங்க பாருங்க, அந்தப் புத்தகத்த அவங்க எங்க பாத்தாங்க? செக்ரோல் கணக்கப்பிள்ளை கையில இருந்துச்சு, ஜீவபுஸ்தகம் எந்த மனுசன் கையிலயும் இல்ல. நம்ம ஆட்கள் 1820கள்ல இருந்து தோட்ட வேலைக்கு இந்தியாவ விட்டு வந்து, மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாங்க, வழியில காய்ச்சல்லயும் வாந்திபேதியிலயும் விழுந்தவங்கள அங்கங்கயே விட்டுட்டு நடந்தாங்க, அவங்க பேரு இந்த உலகத்துல எந்தப் புத்தகத்துலயும் இல்ல. 2023ல, 200 வருஷத்த நினைச்சி தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் ஆட்கள் திரும்ப நடந்தப்ப நான் மாத்தளையில போய் நின்னேன், எனக்கு ஓடினது இந்த நினைப்புதான், அந்தப் பேரெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ"ன்னு ஆபிரகாம் கேட்டாரு (ஆதியாகமம் 18:25), அவரும் சீனாய் மலையில கட்டளை குடுக்கிறதுக்கு முன்னால, பெத்லகேம்ல இயேசு பிறக்கிறதுக்கு முன்னால வாழ்ந்தவர், விசுவாசிகளோட தகப்பன்னு ரோமர் 4 அவரச் சொல்லுது.

தாத்தாவ அந்த நியாயாதிபதி கையில விடுங்க. உங்கள விட அவருக்கு தாத்தா மேல பாசம் குறைவுன்னு மட்டும் நினைச்சிடாதீங்க.

கேள்வி: அப்பா ஆஸ்பத்திரியில, டொக்டர் ரெண்டு மூணு நாள்தான்னு சொல்லிட்டாரு. ஒரு காலமும் கோயில் பக்கம் வராதவர். நேத்து "எனக்கும் ஏதாவது சொல்லு"ன்னு கேட்டாரு. எனக்கு நாக்கு எழும்பல்ல. என்ன சொல்றது?
— வொயிஸ் மெசேஜ், நாவலப்பிட்டி

பதில்: தம்பி, உங்களுக்கு அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொன்னேன், இதே மாதிரி வேற யாராவது நிப்பாங்கன்னு இங்கயும் எழுதுறேன். பிரசங்கம் பண்ண வேணாம். பழைய கதை ஒண்ணையும் கிளற வேணாம். லூக்கா 23ல 39ல இருந்து 43 வரைக்கும் வாசிங்க, சிலுவையில தொங்கின கள்ளன் கேட்டது ஒரே வரி, "நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்". அவனுக்கு ஞானஸ்நானத்துக்கு நேரமில்ல, திருடினத திருப்பிக் குடுக்க கையும் இல்ல, ஆணி அடிச்சிருந்துச்சு. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"ன்னு இயேசுகிட்ட இருந்து பதில் வந்துச்சு. அந்த ஒரு வரிய அப்பாவுக்குச் சொல்லிக்குடுங்க, முழுசா சொல்ல ஏலாட்டி "என்னை நினைச்சிக்கோங்க"ன்ற ரெண்டு வார்த்தை போதும். கைய பிடிச்சிக்கோங்க. கண்ணு மூடிக்கிடந்தா கேக்காதுன்னு நினைக்காம காதுக்குக் கிட்ட போயி மெதுவா, ரெண்டு தரம் வாசிங்க. ஃபாதருக்கோ பாஸ்டருக்கோ இப்பவே சொல்லி அனுப்புங்க, விடியட்டும்னு பாக்காதீங்க.